வி8 கனவு: பிக் பிளாக்கா, ஸ்மால் பிளாக்கா? வளைகுடாவில் கார் ‘பில்ட்’ பண்ணும் நம்ம ஊர் பசங்க பார்க்க வேண்டிய கணக்கு

லால்பேட்டையில் துபாய், சவுதி, குவைத்துக்கு ஒருத்தர்கூடப் போகாத தெருவைத் தேடித்தான் பிடிக்கணும். லீவில் வரும் அண்ணன்களின் போனில் முன்பெல்லாம் புர்ஜ் கலீஃபா முன்னால் எடுத்த போட்டோ இருக்கும். இப்போ மணல்மேட்டில் சீறி ஏறும் நிசான் பேட்ரோல், டயரில் புகை கிளப்பும் கமாரோ. கூடவே ரெண்டு வார்த்தைகள் அடிபடும்: ஸ்மால் பிளாக், பிக் பிளாக். வீராணம் ஏரிக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு, ‘பிக் பிளாக் போட்டா பறக்கும் மச்சான்’ என்று சொல்வது சுலபம். ரெண்டு மூணு வருஷச் சேமிப்பை போனட்டுக்குள் கொட்டப் போகிறவருக்கு அந்த ஒரு வரி போதாது.

முதல்ல, பிளாக்னா என்ன?

என்ஜினின் சிலிண்டர்கள் குடையப்பட்டிருக்கும் பெரிய இரும்பு (அல்லது அலுமினிய) உடம்புதான் பிளாக். பிஸ்டன், கிராங்க் எல்லாம் அதற்குள்தான். பெரும்பாலானவர்கள் இடறுவது இங்கேதான். ஸ்மால், பிக் என்பது சிசி கணக்கு இல்லை, அந்த உடம்பின் சைஸ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களின் மையத்துக்கு இடையே செவர்லே ஸ்மால் பிளாக்கில் சுமார் 112 மி.மீ., பிக் பிளாக்கில் சுமார் 123 மி.மீ. இடைவெளி. சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்டிமீட்டர் அதிகம் என்றால் முழு என்ஜினும் நீளும், அகலும், கனக்கும்.

செவர்லேயின் ஸ்மால் பிளாக் 1955-ம் ஆண்டு மாடல்களில் 265 கன அங்குலத்தில் (4.3 லிட்டர்) தொடங்கியது. புகழ்பெற்ற 350 (5.7 லிட்டர்) 1967-ல் வந்தது. 1970-ல் அதே குடும்பத்தில் 400-ம் வந்துவிட்டது. ஆனால் 1965-ல் வந்த பிக் பிளாக்கின் அளவு வெறும் 396! அதாவது ‘சின்னது’ பெரியதைவிடப் பெரியது. அதனால் யாராவது ‘என்கிட்ட பிக் பிளாக் இருக்கு’ என்றால், எத்தனை கன அங்குலம் என்றும் கேளுங்க.

பெரியதில் என்ன லாபம்?

டார்க். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் முதுகை சீட்டோடு அழுத்தும் அந்தத் தள்ளு. பெரிய சிலிண்டருக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றும் பெட்ரோலும் போகும். அதனால் என்ஜினை அலறவிடாமல், குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை கிடைக்கும். 1970 செவெல் காரில் வந்த 454 பிக் பிளாக் (7.4 லிட்டர்) 450 குதிரைத்திறன் என்று கம்பெனியே போட்டு விற்றது. நேர்கோட்டில் கால் மைல் டிராக் ரேஸ் மட்டும்தான் உங்க ஆசை என்றால், பிக் பிளாக்குக்கு இன்றும் மரியாதை உண்டு.

வளைவு வந்தால் கதை மாறும். முழு இரும்பு ஸ்மால் பிளாக் சுமார் 260 கிலோ, பிக் பிளாக் சுமார் 310 கிலோ. வித்தியாசம் 50 கிலோ, அதாவது ஒரு சிமென்ட் மூட்டை. அந்த மூட்டையை முன்சக்கரங்கள் மேல் நிரந்தரமாகக் கட்டிவைத்துவிட்டு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்க. மணலில் இன்னும் மோசம், மூக்கு முதலில் புதையும்.

செலவும் என்ஜினோடு நிற்காது. அதிக டார்க்கைத் தாங்க கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக் எல்லாம் மாறணும். 45 டிகிரி வெயிலில் அதிகச் சூட்டைத் தணிக்கப் பெரிய ரேடியேட்டர் வேணும். என்ஜின் விலையை மட்டும் கேட்டுவிட்டு பட்ஜெட் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சின்னதை வாங்கிப் பெரிதாக்கவும் வழி உண்டு. 350 பிளாக்குக்குள் 400-ன் நீளமான கிராங்க்கைப் பொருத்தி, பிளாக்கைக் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்தால் 383 கன அங்குலம் (6.3 லிட்டர்) கிடைக்கும். ‘383 ஸ்ட்ரோக்கர்’ என்று ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வது இதைத்தான். பிறகு 1997-ல் கார்வெட்டில் அலுமினிய எல்எஸ் என்ஜின் வந்தது. அந்த வரிசையில் 2006 கார்வெட் இசட்06-ல் வந்த எல்எஸ்7, 427 கன அங்குலம் (7 லிட்டர்), 505 குதிரைத்திறன். பழைய பிக் பிளாக்கின் அளவு ஸ்மால் பிளாக்கின் உடம்புக்குள் வந்தாச்சு. இன்று தெருவிலும் ஓட்டணும், டிராக்கிலும் ஓட்டணும் என்று கேட்பவருக்கு என் பதில் எல்எஸ்தான். பிக் பிளாக்கைத் தேர்ந்தெடுக்க ஆசை காரணமாக இருக்கலாம், கணக்கு காரணமாக இருக்காது.

ஒரு சின்ன இடைச்செருகல்: வளைகுடாவின் சொந்தப் பதில் வி8-ஏ இல்லை. பேட்ரோலில் வரும் 4.8 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர் டிபி48 என்ஜினில் டர்போ மாட்டி மணல்மேட்டில் வி8-களை முந்துவது அங்கே தனிக் கலாசாரம். அதற்குப் பழகிய மெக்கானிக்கும் பாகங்களும் பக்கத்திலேயே கிடைக்கும் என்பது சாதாரண விஷயம் இல்லை.

மாட்டினால் என்ன ஆகும்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி இல்லாமல் என்ஜினையோ சேஸியையோ மாற்றினால் 1,000 திர்ஹாம் அபராதம், 12 கறுப்புப் புள்ளிகள், 30 நாள் வண்டி பறிமுதல். துபாயில் 2023-ல் வந்த ஆணைப்படி, வேகத்தையோ சத்தத்தையோ கூட்டும்படி மாற்றிய வண்டியைத் திரும்ப எடுக்க 10,000 திர்ஹாம் கட்டணும். டிரைவர், டெலிவரி வேலையில் இருப்பவருக்கு அந்த 12 புள்ளிகள் பணத்தைவிடப் பெரிய அடி. லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

‘சரி, வண்டியை ஊருக்குக் கொண்டுவந்துடலாமே?’ முடியாது. இந்தியாவுக்கு இறக்குமதியாகும் பழைய கார் வலதுபக்க ஸ்டியரிங் கொண்டதாக, மூன்று வருஷத்துக்கு மேல் பழையதாகாமல் இருக்கணும். வளைகுடா கார்களில் ஸ்டியரிங் இடதுபக்கம்.

‘அப்போ இங்கேயே ஒரு வண்டியில் பெரிய என்ஜினை ஏத்திட்டா?’ மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆர்.சி.யில் ஒரு என்ஜின், போனட்டுக்குள் வேறொன்று என்றால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே போதும். பழுதான என்ஜினுக்குப் பதில் அதே மாடல் என்ஜினைப் போட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நம்பரைத் திருத்திக்கொள்வது வேறு விஷயம்.

இங்கே எங்கேதான் கட்டலாம்?

ரேஸ் டிராக்கில். கோவை கரிவர்தன் 1988-ல் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது மாருதி 800-ன் 796 சிசி என்ஜின். வீட்டுக் காரில் அது தந்தது 40 குதிரைத்திறன் அளவுதான். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டித்தான் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார்.

சிதம்பரத்திலோ வேறு எங்கோ என்ஜினீயரிங் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வாசல் ஃபார்முலா பாரத், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் மாணவர் போட்டி. அங்கேயும் இதே சண்டைதான். என்ஜின் 710 சிசி வரை போகலாம், ஆனால் பெட்ரோல் வண்டியில் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை வழியாகத்தான் உள்ளே போகணும். அப்படி மூச்சை அடைத்த பிறகு 600 சிசி நாலு சிலிண்டரின் அனுகூலம் பாதியில் நின்றுவிடுகிறது. நாற்பது கிலோவுக்குள் அடங்கும் கேடிஎம் 390-ன் 373 சிசி ஒற்றை சிலிண்டரைப் பல அணிகள் எடுக்கின்றன. அதன் பாகங்கள் பக்கத்து டவுன் ஷோரூமிலேயே கிடைக்கும் என்பது அவர்களுக்கு ரெண்டாவது காரணம்.