நம் வெயிலுக்கும் நம் முகத்துக்கும் எந்தப் பிலிம்?

பரணில் கிடந்த பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்துவந்து, "சார், இதற்கு என்ன பிலிம் போடலாம்?" என்று கேட்கும் பிள்ளைகள் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டார்கள். கைப்பேசியில் நொடிக்கொரு படம் எடுக்கிற காலத்தில் கறுப்பு வெள்ளையில் என்ன ஆசை என்று சிலர் சிரிக்கலாம். தோட்டம் கைமாறிவிட்டது, லயத்தை இடிக்கப் போகிறார்கள், அதற்குள் பாட்டியை அந்த வாசற்படியிலேயே உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. இடித்த பிறகு அந்தப் படத்தை எடுக்க முடியாது. ஆகவே பிலிமையும் அதைக் கழுவும் மருந்தையும் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பிலிம் பெட்டியின் மேல் 100, 125, 400 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பிலிமின் வேகம். எண் இரட்டித்தால் தேவைப்படும் வெளிச்சம் பாதியாகும். 100க்கு வேண்டிய வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கே 400க்குப் போதும். ஆனால் வேகம் கூடக் கூட, பிலிமில் பூசிய வெள்ளி உப்பின் மணிகளும் பருமனாகும். படத்தைப் பெரிதாக்கினால் ரவை தூவியது போலத் தெரியும்.

பள்ளி விளையாட்டுப் போட்டி, பகலில் வரும் தேர், இவற்றுக்கு இல்போர்ட் எப்.பி.4 பிளஸ் அருமையான பிலிம். அதன் வேகம் 125. வெட்டவெளி வெயிலுக்கு அது தாராளம். ஆனால் நம் வாழ்க்கை வெட்டவெளியிலா நடக்கிறது? பால்மரத்து நிழலிலும், செம்பனைக்கு அடியிலும், லயத்து வாசலிலும், ஒற்றைச் சன்னல் சமையலறையிலும் அல்லவா நடக்கிறது! நிழலுக்கு வந்துவிட்டாலே வெளிச்சம் வெயிலில் இருந்ததில் எட்டில் ஒரு பங்காகிவிடும். தோப்புக்குள் இன்னும் குறையும். ஒரே ஒரு பிலிம்தான் வாங்க முடியும் என்றால் 400 வாங்குங்கள். 1954 முதல் 35 மில்லிமீட்டர் கேமராக்களுக்குக் கிடைத்துவரும் கோடாக் டிரை-எக்ஸ் ஆனாலும் சரி, 1989இல் வந்த இல்போர்ட் எச்.பி.5 பிளஸ் ஆனாலும் சரி.

இனி முக்கியமான செய்தி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் பளீரென்ற வானம், நடுவில் நம் மாநிறமோ கறுப்போ ஆன முகம். கேமராவின் ஒளிமானிக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்க்கும். வேட்டியின் கரை அழகாக விழும். முகம் கரிக்கட்டையாகும், கண் இருக்கும் இடமே தெரியாது. பழைய ஆல்பங்களைப் புரட்டினால் இப்படி எத்தனை தாத்தாக்கள்! குற்றம் முகத்தின் நிறத்தில் இல்லை, அதற்குப் போதிய வெளிச்சம் கொடுக்காததில் இருக்கிறது. பிலிமில் பதியாத கண்ணை எந்த மருந்தாலும் பிறகு வரவழைக்க முடியாது. எனவே முகத்துக்கு அருகில் போய் அளவு பாருங்கள். 400 பிலிமைப் போட்டுக்கொண்டு கேமராவில் 200 என்று வையுங்கள். முகத்துக்கு இரட்டை வெளிச்சம் கிடைக்கும். அதனால் வேட்டி வெளுத்துப் போகாதா என்றால், அதைச் சரிக்கட்டுவதுதான் கழுவும் வேலை. கழுவும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வெள்ளை அடங்கும், முகம் நிற்கும்.

கழுவும் மருந்துகளில் முதலில் பழக வேண்டியது 1927இல் வந்த கோடாக் டி-76. இல்போர்டின் ஐ.டி-11 ஏறத்தாழ அதே கலவைதான். மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், வெண்காரம், அவ்வளவே. 1891ஆம் ஆண்டின் ரோடினாலுக்கும் அடியார்கள் உண்டு. கோடு கூர்மையாக விழும், மணியும் துருத்தும். 400 பிலிமுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், கழுவும் அட்டவணைகள் 20 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. நம் குழாய்த் தண்ணீரோ 28 பாகை. சூடு 3 பாகை கூடினால் நேரத்தில் கால் பங்கு குறையும். எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு நீர் கலக்காத ஐ.டி-11இல் 20 பாகையில் ஏழரை நிமிடம். 28 பாகையில் ஏறக்குறைய மூன்றரை நிமிடமே. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் மருந்து எங்கும் ஒரே சீராகப் பிடிக்காது, வானத்தில் திட்டுத்திட்டாக விழும். ஆகையால் மருந்துக்குச் சம அளவு தண்ணீர் கலந்துவிடுங்கள். அப்போது 20 பாகையில் 13 நிமிடம். பெரிய பேசினில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு, மருந்துப் போத்தலை அதில் நிறுத்தி 24 பாகைக்குக் கொண்டுவந்தால் 9 நிமிடம். கேமராவில் 200 என்று வைத்து எடுத்ததற்கு 7 நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள். ஐஸை மருந்துக்குள் போடக்கூடாது. அடுத்து ஊற்றும் தண்ணீரும் ஹைப்போவும் அதே குளிர்ச்சியில் இருக்கட்டும். 150 மில்லிலிட்டர் மருந்து, 150 தண்ணீர், ஒரு சுருள் கழுவியதும் கொட்டிவிடலாம். ஒரு லிட்டருக்கு ஆறு சுருள் வரும்.

இரவுத் தீமிதிக்கு எச்.பி.5 பிளஸ்ஸை 1600 என்று வைத்து எடுத்து, மைக்ரோபென் மருந்தில் 20 பாகையில் 11 நிமிடம் கழுவலாம். நெருப்பும் அருகில் நிற்போர் முகமும் கிடைக்கும். இருட்டில் நிற்கும் கூட்டம் கிடைக்காது.

மருந்தைக் குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சமையல் பாத்திரமும் வேண்டாம். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், கையுறை போடுங்கள்.

பிலிம் காய்ந்ததும் சன்னலோரம் பிடித்துப் பாருங்கள். பாட்டியின் தலைமுடி வெறும் கண்ணாடியாக இருந்தால் அடுத்த முறை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வெள்ளைச் சேலை மடிப்புத் தெரியாமல் கருத்திருந்தால் கழுவும் நேரத்தில் ஒரு நிமிடம் குறையுங்கள். நெகட்டிவை உறையில் போடுமுன் உறையின் மேல் பென்சிலால் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து எண், நாள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.