பல்லில் தங்கிய தண்ணீர்

புதிதாக வந்த ஒருவரின் பேச்சோ போக்கோ வேறு மாதிரி இருந்தால், "எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தவரோ!" என்போம். அதே கேள்வியை, இறந்து 4,300 ஆண்டுகளான ஒரு மனிதரிடம் கேட்டுப் பதிலும் வாங்கியிருக்கிறார்கள்.

2002 மே மாதம், இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் கட்டட வேலைக்கு முன்பாக நிலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். குழியில் நடுத்தர வயது ஆண் ஒருவர் கால்களை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தார். சுற்றிலும் ஏறக்குறைய நூறு பொருள்கள்: மண்குவளைகள், செப்புக் கத்திகள், தங்க முடியணிகள், சிக்கிமுக்கிக் கல்லில் செதுக்கிய அம்புமுனைகள். அம்புகளைப் பார்த்து 'ஏம்ஸ்பரி வில்லாளி' என்று பெயர் வைத்தார்கள். எனக்கென்னவோ, அங்கே கிடந்த சின்னப் பட்டடைக்கல்தான் முக்கியமாகப் படுகிறது. உலோகத்தைத் தட்டி வடிக்கும் கல் அது. பிரிட்டனில் செம்பும் தங்கமும் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அவருடைய இடது முழங்காலில் சில்லே இல்லை, நொண்டித்தான் நடந்திருப்பார்.

அப்படிப்பட்டவர் எங்கிருந்து வந்தார்? பல் சொன்னது. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் எனாமல் சிறுவயதில் ஒருமுறை உருவானால் உருவானதுதான். அப்போது குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் அதில் அப்படியே தங்கிவிடும். ஆக்சிஜனில் எடை கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. மேகம் கடலைவிட்டு உள்நாட்டுக்குள் போகப்போக, கனமான ஆக்சிஜன் முதலில் மழையாகக் கொட்டித் தீர்கிறது. அதனால் குளிரான உள்நாட்டு மலைப்பகுதித் தண்ணீரில் அது குறைவு. வில்லாளியின் பல்லிலும் குறைவு. பிரிட்டனின் தண்ணீர் அப்படியில்லை. ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துத் தண்ணீர்தான் அப்படி. கடல் கடந்து வந்திருக்கிறார்!

தனி ஒருவரின் பயணமும் அல்ல அது. 2018இல் வெளியான பெரிய மரபணு ஆய்வின்படி, இதே வகைக் குவளைகளோடு கண்டத்திலிருந்து வந்தவர்களின் வழி சில நூற்றாண்டுகளில் பரவி, பிரிட்டன் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மாற்றிவிட்டது.

வில்லாளிக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு குழி. அதில் இருபதைத் தாண்டிய இளைஞன். இருவர் பாதத்திலும் குதிகால் எலும்பு, பக்கத்து எலும்போடு வழக்கத்துக்கு மாறாக மூட்டுப் போட்டிருந்தது. அபூர்வமான இந்த ஒற்றுமையை வைத்து, உறவுக்காரர்கள் என்று கருதினார்கள். அந்த இளைஞனின் பல்லையும் சோதித்தார்கள். சிறுவயதில் அவன் குடித்தது தென் இங்கிலாந்துத் தண்ணீர்.