மதில்மேல் பூனைக்குப் பால் வைப்பது யார்? ஊராட்சித் தேர்தலில் கட்சிகள் ஆடும் 'ஆதரவு' ஆட்டம்!

வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினால் வழியில் வருகிறது விரிஞ்சிபுரம். பாலாற்றின் தென்கரை. மார்க்கபந்தீஸ்வரர் கோவிலின் உயரமான மதில் கண்ணை நிறைக்கும். 'விரிஞ்சிபுரம் மதில் அழகு' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஊர்களில் மதிலை யாரும் பார்ப்பதில்லை. மதில்மேல் பூனைகளைத்தான் பார்க்கிறார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கும் ஆசாமிகள்தான் அந்தப் பூனைகள்.

கிராமத்து வாக்காளருக்கு 4 ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று. தலைவருக்கு ஒன்று, அது இளஞ்சிவப்புச் சீட்டு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியன், இரட்டை இலை எல்லாம் இருக்கும். மற்ற இரண்டிலும் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரிதான். ஊர் விஷயத்தில் கட்சி புகக் கூடாது என்பது ஏற்பாடு.

புகாமல் இருக்குமா? "அவரு நம்ம கட்சி ஆதரவுப்பா" என்ற பேச்சு மனு போடுவதற்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிடும்!

பச்சைக்கு இளஞ்சிவப்பு

ஒன்றியக் கவுன்சிலர் வார்டு என்பது பல ஊர், பல தெரு. கட்சி வேட்பாளரால் ஒவ்வொரு வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. தலைவருக்கு நிற்பவர் மிதிப்பார். மாமன், மச்சான், பங்காளி என்று அவருக்கு ஊரெல்லாம் உறவு. "நீ எனக்குப் பச்சை சொல்லு, நான் உனக்கு இளஞ்சிவப்பு சொல்றேன்." இதுதான் ஒப்பந்தம். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

பச்சைக்கு ஏன் இத்தனை கிராக்கி? ஒன்றியத் தலைவரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பச்சை வார்டு கை தவறினால் நாற்காலியே தவறிப் போகலாம்.

பூனைக்கும் கணக்கு உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்பட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஓட்டுப்பதிவு நடந்தது. அதற்கு 5 மாதம் முன்புதான் தி.மு.க. ஆட்சிக்கு வந்திருந்தது. அதற்கு முன் 2016-லிருந்து 5 வருஷம் இந்த ஊர்களில் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை; தனி அதிகாரி ராஜ்யம். தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடக்கூட ஆள் இல்லை. அப்படிக் கிடந்த ஊருக்கு ரோடும் குழாயும் வர வேண்டுமானால் யார் தயவு வேண்டும்? ஆளுங்கட்சி தயவு! 9 மாவட்ட ஊராட்சிகளும் தி.மு.க. வசமே போயின.

இதில் இன்னொரு தந்திரம். ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்றுவிட்டால் மேலிடம் வாயே திறக்காது. முடிவு வந்த மறுநாள் ஜெயித்தவருக்குச் சால்வை! "ஆரம்பத்திலிருந்தே இவரு நம்ம ஆளு" என்பார்கள். தோற்றவர் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை.

செக் புத்தகம்

தலைவர் பதவி கைவிட்டுப் போனால் அடுத்த குறி துணைத் தலைவர். ஊராட்சிப் பணத்துக்குத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது. துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஆகவே வார்டுக்கு நிற்கும் சாதாரண ஆளுக்குக்கூட கட்சிப் புள்ளி வந்து கை கொடுக்கிறார் என்றால், அது அந்த ஆள் மேல் உள்ள பாசமல்ல. பேனா மேல் உள்ள பாசம்! குழாய் ரிப்பேர் பில்லில் ஒரு கையெழுத்து நின்றுபோனால் குடத்தோடு நிற்பது ஊர்ப் பெண்கள்தான்.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று. 2019 ஆகஸ்ட் 5-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது ஞாபகம் இருக்கும். பணம் பிடிபட்டு ஏப்ரலில் ரத்தாகி, பிறகு தனியாக நடந்த தேர்தல். 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தும் கதிர் ஆனந்த் ஏ.சி.சண்முகத்தை ஜெயித்தது 8,141 ஓட்டில்தான்! ஒரு ஊரில் 500 ஓட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திரும்பினால், இங்கே 500 குறையும், அங்கே 500 கூடும். அப்படி 9 ஊர் திரும்பியிருந்தால் முடிவே வேறு. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிகள் ஏன் பால் வைக்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

2021-ல் பா.ம.க. அ.தி.மு.க. கூட்டணியை விட்டு இந்த 9 மாவட்டங்களில் தனியாக நின்றது. பாலாற்றுப் பக்கம் தனக்குள்ள ஓட்டை எண்ணிக் காட்டினால் அடுத்த கூட்டணி பேரத்துக்கு உதவும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அதே தேர்தலில் நடிகர் விஜய் தன் மக்கள் இயக்கத்தார் சுயேச்சையாக நிற்கலாம், தன் படத்தையும் கொடியையும் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்தார். அவர் பிரசாரத்துக்கு வரவில்லை. நூற்றுக்கு மேல் ஜெயித்ததாக இயக்கத்தார் சொன்னார்கள். 2024 பிப்ரவரி 2-ல் கட்சி பிறந்தது. அப்போது கொடுத்த ஆதரவு வெள்ளோட்டம்தானே!

ஆதரவு கிடைக்காத பெண்

ஆதரவு தருவதில் மட்டுமல்ல, தராமல் இருப்பதிலும் கணக்கு உண்டு. ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சி. 2021-ல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மலைவாழ் மக்கள் நிறைந்த ஊரில் இந்த ஒதுக்கீடு கூடாது என்று ஊரார் எதிர்த்தார்கள், தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஒரே ஒரு பெண் துணிந்து மனு போட்டார். போட்டியின்றித் தேர்வானார்.

ஒருத்திக்காகப் பேசினால் ஒரு மலை ஓட்டே போய்விடும் என்கிறபோது எந்த ஊர்ப் புள்ளி மேடையேறி அவருக்குக் கை கொடுப்பார்? வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மற்ற ஊர்த் தலைவர்கள் 2021 அக்டோபர் 20-ல் மாலையும் சால்வையுமாகப் பதவியேற்றார்கள். ஜெயித்த இந்தப் பெண்ணின் பதவியேற்பு மட்டும் வருஷக்கணக்கில் நின்று போனது.