அளந்தவர்கள் சொல்லாமல் விட்டது

1974 ஜூலை 17. தென் பசிபிக்கில் மொரூரோவா பவளத்தீவில் பிரான்ஸ் ஓர் அணுகுண்டை வெடித்தது. அந்தச் சோதனைக்கு வைத்த பெயர் 'சாந்தோர்'. கிளம்பிய மேகம் கணித்த உயரத்துக்கு எழும்பவில்லை, கணித்த திசையிலும் போகவில்லை. நேராக டஹிட்டிப் பக்கம் நகர்ந்தது. அங்கு வந்து சேர அதற்குச் சுமார் 42 மணி நேரம் ஆனது. மழைநீரைக் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கறந்த பாலைக் கொடுக்காதீர்கள் என்று வானொலியில் அறிவிக்க அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும். யாரும் அறிவிக்கவில்லை.

1966 முதல் 1996 வரை, இந்தத் தீவுகள் அடங்கிய பிரெஞ்சு பொலினீசியாவில் நடந்தவை 193 சோதனைகள். 1974 வரையிலான 46 சோதனைகள் திறந்த வானத்தின் கீழ் நடந்தன. பிறகுதான் நிலத்தடிக்குப் போனார்கள்.

இந்த வெடிப்புகளில் உண்டாகும் அயோடின்-131 எட்டே நாளில் பாதியாகிவிடும். சில மாதங்கள் போனால் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதற்குள் பால், கீரை, மழைத்தொட்டித் தண்ணீர் வழியாக ஒரு குழந்தையின் தைராய்டில் போய் உட்கார்ந்துவிட்டால், புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். நோய் தெரியவரும் நாளில் அதை உண்டாக்கிய பொருள் எங்கும் இருக்காது. அன்று யாராவது அளந்து எழுதி வைத்திருந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. தீவுக்காரர்களின் உரிமை அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தத் தாள் யார் கையில் இருந்தது? 1966 ஜூலை 2 அன்று நடந்த முதல் சோதனையின் கதிர்வீச்சுத் தூசு காம்பியே தீவுகளில் உள்ள மாங்கரேவாமேல் விழுந்தது. 'லா கொக்கீய்' என்ற கடற்படைக் கப்பல் அங்கே போய் கீரை, மீன், தண்ணீர் என்று மாதிரிகள் எடுத்தது. மக்களின் நம்பிக்கையை இழக்காமல் இருக்க உண்மையான எண்களைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று கப்பலின் மருத்துவர் தன் அறிக்கையில் எழுதினார். மக்கள் அந்தக் கீரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். அறிக்கையோ பல பத்தாண்டுகள் ரகசியமாகவே இருந்தது.

இழப்பீட்டுச் சட்டம் 2010 ஜனவரியில்தான் வந்தது. 1966 ஜூலை 2-க்கும் 1998 டிசம்பர் 31-க்கும் இடையில் பொலினீசியாவில் வாழ்ந்தவருக்குப் பட்டியலில் உள்ள 23 நோய்களில் ஒன்று வந்திருந்தால், சோதனைதான் காரணம் என்று சட்டமே அனுமானிக்கும். ஆனால் 'பாதிப்பு வாய்ப்பு மிக அற்பம்' என்று சொல்லித் தட்டிக்கழிக்க ஒரு வழியும் அதில் இருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் வந்த மனுக்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வழியில்தான் தள்ளுபடியாயின. 2017-இல் அதை நீக்கினார்கள். 2018 முடிவில் வேறொன்று வந்தது: மனுதாரர் பெற்ற கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குக் குறைவு என்று இழப்பீட்டுக் குழு நிறுவினால் மனுவை மறுக்கலாம்.

1 மில்லிசீவர்ட் என்பது பொதுமக்களுக்காக வகுத்த மேலாண்மை வரம்பு. அதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கதிர்வீச்சுப் பாதுகாப்பு அறிவியல் சொல்லவில்லை. அதை இழப்பீட்டின் வாசற்படியாக வைப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்த அளவைத் தீர்மானிக்கும் அடிப்படைக் கணக்கும் பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் 2006-இல் போட்டதுதான். குண்டு தயாரித்த அதே நிறுவனம்! 2021-இல் 'டிஸ்க்ளோஸ்' செய்தி அமைப்பும் ஆய்வாளர் செபாஸ்டியன் பிலிப்பும் பழைய ஆவணங்களை வைத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். 'சாந்தோர்' சோதனையில் மட்டும் சுமார் 1,10,000 பேர் அந்த வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும் என்றார்கள். அணுசக்தி ஆணையம் இதை ஏற்கவில்லை. அந்த 1 மில்லிசீவர்ட் நிபந்தனையையே எடுத்துவிட வேண்டும் என்று 2025-இல் பிரெஞ்சு நாடாளுமன்ற விசாரணைக் குழு பரிந்துரைத்தது.

மனு கொடுப்பவர் நோயை உறுதிசெய்யும் மருத்துவ ஆவணத்தோடு, எந்த ஆண்டில் எந்தத் தீவில் இருந்தார் என்பதற்கான பள்ளி அல்லது வேலைப் பதிவுகளையும் திரட்டி வைக்க வேண்டும். நோயாளி இறந்திருந்தால் வாரிசுகள் கேட்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. மறுத்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. பப்பீட்டே நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். இழப்பீட்டுக் குழுவின் மறுப்புகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. குடும்பத்தாரின் சொந்த இழப்புக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இன்றைக்குத் தீவுகளில் விளைவதைச் சாப்பிடப் பயப்பட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. டஹிட்டியில் உள்ள பிரெஞ்சு அரசின் கதிரியக்க ஆய்வகம் டஹிட்டி, மாங்கரேவா, ஹாவோ உட்பட ஏழு தீவுகளில் காற்று, தண்ணீர், மீன், தேங்காய், காய்கறி எல்லாவற்றையும் அளந்து வருகிறது. சீசியம்-137 இன்னும் தட்டுப்படுகிறது, ஆனால் இயற்கைக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம்.

என் கவலை சோதனைகள் நடந்த மொரூரோவா, ஃபாங்காதௌஃபா பவளத்தீவுகளைப் பற்றியது. மொரூரோவாவின் காயல் அடிமண்ணில் புளூட்டோனியம் கிடக்கிறது. புளூட்டோனியம்-239 பாதியாகவே 24,000 ஆண்டுகள் ஆகும். நிலத்தடி வெடிப்புகளால் மொரூரோவாவின் ஓரப் பாறையிலும் விரிசல் விழுந்திருக்கிறது. ஒரு பகுதி சரிந்தால் எழும் அலை நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள துரேயா தீவில் வாழ்கிறவர்களைத்தான் முதலில் எட்டும். சோதனை நடந்த இரு பவளத்தீவுகளிலும் அளப்பது இன்றும் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம்தான்; வெளியார் அனுமதியில்லாமல் கரையேற முடியாது. டஹிட்டி ஆய்வகமே அங்கு நேரில் போய் மாதிரி எடுக்க வேண்டும், துரேயாக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், எடுத்த நாளும் இடமும் எண்ணும் டஹிட்டி மொழியிலும் வெளிவர வேண்டும்.