கல்லாவும் கணக்கும் ஒரே கையில் இருக்கலாமா?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் தொழில் நடத்தும் நம்மவர் பலர், கடைப் பொறுப்பை உறவினரிடமோ நெடுநாள் பழகிய ஊழியரிடமோ ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுண்டு. "நம்ம பையன்தானே" என்ற அந்த நிம்மதியே பல மோசடிகளுக்கு வாசலாகிறது.

பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கில் பதிபவர் வேறொருவர் என்றிருந்தால், தவறு செய்ய இருவரும் கூட்டுச் சேர வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால், எடுத்ததை அவரே மறைத்தும் விடலாம்.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 1762-இல் லண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கி, 1992-இல் நிக் லீசன் என்ற இளைஞரை அங்கே அனுப்பியது. சந்தையில் பேரம் நடத்துவதும், அந்தப் பேரங்களின் கணக்கை முடிப்பதும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். லண்டன் கண்ணில் பட்டதெல்லாம் லாபம்தான். 1994-இல் வங்கியின் உள்தணிக்கையாளர்களே இரு பொறுப்புகளையும் பிரிக்கச் சொன்னார்கள். லாபம் கொண்டு வருபவரை யார் கேட்பது? பிரிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் வங்கி கவிழ்ந்தபோது நஷ்டம் 827 மில்லியன் பவுன். டச்சு நிறுவனமான ஐ.என்.ஜி. அதை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கியது. லீசனுக்கு ஆறரை ஆண்டுச் சிறை.

நம் முன்னோர் இதில் கண்டிப்பானவர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது.

சிறு கடையில் இத்தனை பேருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமே. ஆனால் வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்துக்கு ஆள் தேவையில்லை. வங்கிக் கணக்கறிக்கையை முதலாளியே பிரித்துப் பார்க்கலாம். வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டு வைக்கும் பழக்கத்தை இன்றே விடலாம். முக்கியமாக, கணக்குப் பார்ப்பவரை ஆண்டுக்கு இரண்டு வாரமாவது விடுப்பில் அனுப்பி, அவ்வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். பொய்க்கணக்கை அன்றாடம் சரிக்கட்டியாக வேண்டும். ஆள் நகர்ந்தால் குட்டு வெளிப்படும். விடுப்பே எடுக்காத ஊழியரைப் பாராட்டித்தானே நாம் பழகியிருக்கிறோம்!

மலேசியக் குற்றவியல் சட்டம் 408-ஆவது பிரிவின்கீழ், ஊழியர் புரியும் நம்பிக்கை மோசடிக்கு ஓராண்டு முதல் 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு. புகார் செய்யப் போகும்போது போலீசார் முதலில் கேட்பது ரசீதுகளையும் பதிவேடுகளையும்தான். அவை சந்தேகத்துக்குரிய அதே ஊழியரின் பொறுப்பில் மட்டும் இருந்தால் வழக்கு நிற்பது கடினம்.