ஆழ்கடல் வேலை – 9: கரகம் சாயாமல்

நாகமலை புதுக்கோட்டையில் எந்தத் தெருவில் நின்றாலும் மலைதான் தெரியும். கடல் பார்க்க ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் இந்த வார விஷயத்துக்குக் கைகொடுப்பது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாதான். கரகாட்டக்காரர் குதிக்கிறார், சுழல்கிறார். தலையில் இருக்கும் கரகம் சாய்வதில்லை. அத்தனை குலுக்கலையும் முழங்காலும் இடுப்பும் கழுத்தும் வாங்கிக்கொள்கின்றன.

நங்கூரம் போடாமலே கப்பல் ஒரே இடத்தில் நிற்கும் வித்தையைப் போன வாரம் பார்த்தோம். அது பக்கவாட்டு நகர்வுக்கு மட்டுமே மருந்து. அலை தூக்கித் தூக்கிப் போடுவதை எந்த எஞ்சினாலும் நிறுத்த முடியாது. கப்பல் ஆடிவிட்டுப் போகட்டும், அதிலிருந்து கேபிளில் தொங்கும் கருவி ஆடாமல் இருந்தால் சரி.

ஆடினால் என்ன ஆகும்? கப்பல் இறங்கும்போது கேபிள் தொய்யும். ஏறும்போது வெடுக்கென்று இழுபடும். கிணற்றில் நிறைந்த வாளியைச் சுண்டி இழுத்துக் கயிற்றை அறுத்தவர்களுக்கு இது புரியும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பல கிலோமீட்டர் நீளக் கேபிள் தானே ஒரு ஸ்பிரிங். அதன் துள்ளலும் அலையின் தாளமும் ஒத்துப்போனால், கப்பலைவிடக் கீழே தொங்கும் கருவி அதிகமாகத் துள்ளும்.

துளையிடும் கப்பலில் சங்கடம் வேறு மாதிரி. 2006-இல் எரிவாயு ஹைட்ரேட் தேடி ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டது. அலைக்கு அலை துளைமுனை தரையை விட்டு எழுந்து, திரும்ப மோதினால் எடுக்க வந்த மண்மாதிரியே நொறுங்கிவிடும். அதனால் குழாயின் பாரத்தை அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர்கள் தாங்குகின்றன. கப்பல் ஏறினால் பிஸ்டன் இறங்கிக்கொடுக்கும், இறங்கினால் ஏறிக்கொள்ளும். கரகாட்டக்காரரின் முழங்கால் வேலைதான்.

இன்னொரு வழி, சென்சார் அசைவை அளந்து சொல்ல, கப்பல் ஏறுகிற அளவுக்கு வின்ச் கேபிளை விடுவது, இறங்கினால் சுருட்டுவது. கெட்டிக்கார ஏற்பாடு, ஆனால் தாமதம் ஆகவே ஆகாது. 8 விநாடிக்கு ஒரு முறை வரும் அலையில் வின்ச் 4 விநாடி பிந்தினால், ஆட்டம் குறைவதற்குப் பதில் இரட்டிக்கும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000 என்ற ரோபோ 2010-இல் 5,289 மீட்டர் வரை இறங்கியது. கப்பலின் எஃகுக் கேபிளில் தொங்குவது ஒரு கூண்டு மட்டுமே; அதிலிருந்து நீரில் மிதக்கும் மெல்லிய வடத்தின் துணையோடு ரோபோ வெளியே நீந்திப் போகிறது. குலுக்கல் கூண்டோடு நின்றுவிடும். வடத்தின் தளர்வே இங்கே கருவி. மோட்டாரும் இல்லை, கணக்கும் இல்லை!

அதே கழகம் உருவாக்கிய, மூவர் அமரும் நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000-க்குக் கேபிளே கிடையாது. மூழ்கிய பிறகு மேலே அடிக்கும் அலை அதை ஒன்றும் செய்யாது. கப்பலிலிருந்து அதை இறக்கும், திரும்ப ஏற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்து. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)