லீவுல போன குழந்தையோட சீட்

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு மெஸ் ரிடக்‌ஷன் பத்தி விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தா அந்த நாளுக்குக் காசு கழியும். மறந்துட்டா, சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பில் வரும். இப்போ அந்த மெஸ் வாசல்ல ஒரு கூட்டமே பசியோட வரிசையில நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அமெரிக்க ராணுவத் தளங்களில் உள்ள குழந்தைகள் காப்பகங்களின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான்.

அங்கே அவற்றுக்குப் பெயர் சைல்ட் டெவலப்மென்ட் சென்டர். 1989-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அதன் பிறகு தரம் கூடியது. கட்டணமும் குடும்ப வருமானத்தைப் பொறுத்துதான். அதனால் போட்டி எக்கச்சக்கம். ராணுவக் குடும்பங்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊர் மாறுவார்கள். மாறும்போதெல்லாம் புது ஊரில் மறுபடி வெயிட்டிங் லிஸ்ட். அப்பா, அம்மா ரெண்டு பேருமே யூனிஃபார்ம் போட்டவங்கன்னா, விடியற்காலை ட்யூட்டிக்குப் போகும்போது கைக்குழந்தையை யாரிடம் விடுவது? "ஆள் இல்லை சார், இன்னிக்கு வரலை"ன்னு சொல்லக்கூடிய வேலையா அது?

இன்னொரு பக்கம் பாருங்க. ஒரு வீரருக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு. குடும்பத்தோடு பாட்டி வீட்டுக்குப் போனால் சீட் சும்மா கிடக்கும். விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்பதால் காசு கட்டியே பிடித்து வைத்திருப்பார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்க விமானப் படையில் கிண்டர்ஸ்பாட் என்ற ஆப் வந்தது. நீங்க இல்லாத நாட்களுக்கு உங்க சீட்டை இன்னொரு ராணுவக் குடும்பத்துக்கு உள்வாடகைக்கு விடுற மாதிரி.

கேட்டவுடனே நம்ம ஆளுங்க "ஒரு டேபிள், ரெண்டு ஸ்க்ரீன், ஒரே வீக்கெண்ட்ல முடிச்சிடலாம்"னு கிளம்பிடுவாங்க. உட்கார்ந்து வரைய ஆரம்பிச்சா தெரியும், சிக்கல் 'சீட்' என்ற வார்த்தையிலேயே இருக்கு.

காப்பகத்தில் சீட் என்பது நாற்காலி இல்லை, ஒரு பராமரிப்பாளரின் கவனத்தில் ஒரு பங்கு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதிப்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாலு பேருக்கு ஒரு பராமரிப்பாளர் வேணும். அடுத்த ஒரு வருஷம் 1:5, இரண்டிலிருந்து மூன்று வயது வரை 1:7, அதுக்கு மேல 1:12. ஆகவே பத்து மாசக் குழந்தை விட்டுப்போன இடத்தில் இரண்டரை வயது வாண்டைக் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது. உங்க டேட்டாபேஸில் இருக்க வேண்டியது சீட் நம்பர் இல்லை. எந்த சென்டர், எந்த வயது அறை, எந்த நாள் என்பதுதான். குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், இன்னிக்குப் பொருந்துற அறை அடுத்த மாசம் பொருந்தாது. வயதை எண்ணாகச் சேமிக்காதீங்க, பிறந்த தேதியைச் சேமிங்க.

அடுத்தது, அந்த இடம் நிஜமாவே காலியா? ரெண்டு குழந்தை வரலைன்னு தெரிந்து சென்டர் ஒரு ஊழியருக்கு அன்னிக்கு லீவு கொடுத்திருக்கலாம். அப்படின்னா பெற்றோர் கண்ணுக்கு மட்டும்தான் அது காலி. ரயிலில் ஆள் வராத பெர்த்தை டிடிஆர் பார்த்துதானே ஆர்ஏசி-க்குக் கொடுக்கிறார்? அதே மாதிரி, குடும்பத்துக்கு 'தர்றேன்' பட்டன் மட்டும் இருக்கணும், 'சரி' பட்டன் சென்டர்கிட்ட இருக்கணும். இந்தப் படியைத் தூக்கிட்டா ஆப் வேகமா ஓடும். ஆனா திங்கட்கிழமை காலையில் ஒரு அம்மா குழந்தையோடு வாசலில் நிற்பார், உள்ளே ஆள் இருக்காது.

தடுப்பூசிப் பதிவு, அலர்ஜி விவரம், யார் வந்து கூட்டிட்டுப் போகலாம் என்பது எல்லாம் சீட் கிடைத்த பிறகு கேட்கிற சமாச்சாரம் இல்லை. கணக்கு ஆரம்பிக்கும்போதே சரிபார்த்து முடிச்சிருக்கணும். நாளைக்கு ஒரு நாள் சீட் இருக்குன்னு இன்னிக்கு சாயங்காலம் தெரிஞ்சா, ஃபார்ம் நிரப்ப நேரம் ஏது?

காசு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். கட்டணம் வருமானப்படி என்பதால் ஒரு கர்னல் வீட்டுக் குழந்தைக்கு ஒரு தொகை, புதுசா சேர்ந்த சிப்பாய் வீட்டுக் குழந்தைக்கு வேற தொகை. கர்னல் சீட்டை சிப்பாய் எடுத்தா எந்த ரேட்? என் யோசனை: எடுப்பவர் தன் ரேட்டைக் கட்டட்டும், அது சீட் தந்தவர் கணக்கில் வரவாகட்டும். ஆனா தந்தவர் கட்டியதுக்கு மேல ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. இல்லேன்னா பண்டிகை வாரத்துக்கு பிளாக் டிக்கெட் ஆரம்பிச்சிடும்.

தந்தவர் ரெண்டு நாள் முன்னாடியே திரும்பி வந்துட்டா? இங்கே பலர் 'அசல் சொந்தக்காரருக்கே சீட்'னு எழுதுவாங்க. நான் எடுத்தவர் பக்கம். சொன்ன தேதி வரைக்கும் சீட் அவருடையது. அதை நம்பித்தான் அவர் ட்யூட்டிக்கு ஒத்துக்கிட்டிருக்கார். ஆனா அந்தத் தேதி முடிஞ்ச மறுநாள் காலை சீட் தானாகவே பழைய குடும்பத்துக்குத் திரும்பணும், யாரும் எதையும் அழுத்தாமலே. அந்த உறுதி இல்லேன்னா ஒருத்தரும் சீட்டைத் தர மாட்டாங்க.

கடைசியா, ராணுவம் என்பதாலேயே வர்ற ஒரு சிக்கல். ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப் வெளியிட்ட வரைபடத்தில் வெளிநாடுகளில் உள்ள ராணுவத் தளங்களின் பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தி. நம்ம ஆப்பிலும் அதே ஆபத்து ஒளிஞ்சிருக்கு. வீரர் வெளிநாட்டுப் பணிக்குப் போனா, குழந்தையோடு மனைவி அம்மா வீட்டுக்குப் போறது சகஜம். ஒரே தளத்தில் ஒரே வாரம் இருபது குடும்பம் "மூணு மாசம் சீட் காலி"ன்னு போட்டா, ஒரு படைப்பிரிவு கிளம்பப் போகுதுன்னு வெளியில இருக்கிறவன் கணக்குப் போட்டுடுவான். அதனால மொத்தப் பட்டியலை யாருக்கும் காட்டக் கூடாது. தேடுபவர் தன் குழந்தையின் வயதையும் தேதியையும் கொடுத்தா, "இருக்கு" அல்லது "இல்லை" மட்டும் வரணும். தந்தவர் பெயர் வேண்டாம், காரணம் வேண்டவே வேண்டாம். 'ஏன் தர்றீங்க?'ன்னு ஒரு டிராப்-டவுன் வைக்கணும்னு கை துறுதுறுக்கும். வைக்காதீங்க.